அண்டார்டிகாவில் பனியாறுகளுக்கும் சிகரங்களுக்கும் பெயர் வைப்பது யார்?

வேளச்சேரியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சென்னையில் ஒரு தெருவுக்குப் பெயர் வைக்க மாநகராட்சி இருக்கிறது. அண்டார்டிகா எந்த நாட்டுக்கும் சொந்தம் என்று உலகம் ஏற்கவில்லை. அதனால் அப்படி ஒரே அமைப்பு அங்கே கிடையாது.

முதலில் போனவர்கள் தங்கள் விருப்பப்படி வைத்தார்கள். 1841-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், தான் கண்ட எரிமலைக்குத் தன் கப்பலின் பெயரையே சூட்டினார்: எரிபஸ். 1908-இல் ஷாக்கிள்டன், தன் பயணத்துக்குப் பண உதவி செய்த தொழிலதிபர் பியர்ட்மோரின் பெயரை ஒரு பெரிய பனியாற்றுக்கு வைத்தார். பணம் கொடுத்தவர் பெயர் வரைபடத்தில் ஏறுவது அன்று சகஜம்.

இப்போது பிரிட்டன், அமெரிக்கா, பல்கேரியா போன்ற நாடுகள் தனித்தனியாகக் குழு வைத்திருக்கின்றன. அண்டார்டிகாவில் ஆய்வு செய்தவர்களின் பெயர்களைப் பல இடங்களுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தியாவில் பிறந்த உயிரியலாளர் அகௌரி சின்ஹாவின் பெயரில் ஒரு சிகரம் இருப்பது அப்படித்தான். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் பகுதியில் தட்சிண கங்கோத்ரி என்றே ஒரு பனியாறு உண்டு.

ஒரே மலைக்கு இரண்டு நாடுகள் வேறு வேறு பெயர் வைத்தால்? இரண்டும் நிற்கும். 'ஸ்கார்' என்ற சர்வதேச அறிவியல் குழுவின் பெயர்த் தொகுப்பு எல்லாவற்றையும் பதிவு செய்கிறது; எது சரி என்று தீர்ப்பு சொல்வதில்லை. ஆர்க்டிக்கில் இந்தச் சிக்கல் குறைவு. அங்குள்ள நிலம் ஏதாவது ஒரு நாட்டின் ஆட்சியில் இருப்பதால், அந்தந்த நாடே முடிவு செய்கிறது.