சிங்கப்பூரில் சாலையோரத்து மஞ்சள் கோடுகளுக்கு என்ன பொருள்? ஓட்டுநர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

அமெரிக்காவில் ஓட்டிவிட்டு இங்கே வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், குழப்பம் இயல்புதான். அங்கே சாலை நடுவில் எதிரெதிர் வாகனங்களைப் பிரிப்பது மஞ்சள் கோடு. இங்கே அந்த வேலைக்கு வெள்ளை. ஓரத்து மஞ்சள் பெரும்பாலும் வண்டி நிறுத்துவது பற்றியது.

ஒற்றை மஞ்சள் கோடு என்றால் காலை 7 முதல் மாலை 7 வரை பார்க்கிங் கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டைக் கோடு என்றால் எந்த நேரமும் கூடாது, ஆளை ஏற்றி இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். வளைந்து வளைந்து போகும் இரட்டை மஞ்சள் கோட்டில் அதற்குக்கூட நிற்கக் கூடாது. லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் ஞாயிறு சாப்பிடப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஞாயிறு சலுகை ஒற்றை நேர்கோட்டுக்கு மட்டும்தான். வெள்ளை வளைகோடு வேறு கதை. முன்னால் ஜீப்ரா கிராசிங் வருகிறது, வேகத்தைக் குறை என்று பொருள்.

பயம் எதற்கு? அபராதம் மட்டும் காரணம் இல்லை. பல குற்றங்களுக்கு டீமெரிட் புள்ளிகளும், அதாவது தவறுக்கான தண்டனைப் புள்ளிகளும், சேரும். 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் தற்காலிகமாகப் பறிபோகும். புது ஓட்டுநருக்கு இன்னும் கடுமை: முதல் ஓராண்டில் 13 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் ரத்து. இப்படிப் பயந்து விதியை மதிப்பதை ஒழுக்கம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஜொகூர் பாலம் தாண்டி மலேசியாவுக்குள் போனதும் அவர்களில் சிலர் ஓட்டுவதைப் பாருங்கள்!