மதிப்பீட்டுக்கு எங்கே அழைத்துப் போவது?

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். அதையே படிக்கச் சொன்னால் இரண்டு வரியில் எழுந்து போய்விடுவான். போர்டில் இருப்பதைப் பாதிதான் எழுதி வருகிறான். ‘கவனமே இல்லை, ஒரு அசெஸ்மெண்ட் செய்து பாருங்கள்’ என்கிறார் வகுப்பாசிரியை. பள்ளியிலேயே கவுன்சிலர் இருக்கிறார். மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் போனால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு தனியார் மையத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்து ஒரே நாளில் முடிவு சொல்கிறார்களாம், பயிற்சியும் அங்கேயே. மாமனாரோ, ‘ஃபோன் பார்க்கும்போது மட்டும் கவனம் இருக்கிறதே, வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்கிறார். எங்கே போவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மருத்துவமனையில் இன்றைக்கே பெயர் பதிந்துவிடுங்கள். நான் மருத்துவன் இல்லை; இதைப் பற்றிப் படித்ததையும் சில பெற்றோரிடம் கேட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

கவனச் சிக்கல் உள்ள பல குழந்தைகள், அமைதியான அறையில், புதிய மனிதர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து வேலை கொடுத்தால் ஒரு மணி நேரம்கூட நன்றாகவே செய்வார்கள். அந்த அறையில் பார்த்ததை மட்டும் நம்புகிறவர், ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடக்கூடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 (2013), மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் கையேடு. ஒரு குழந்தைக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகை இயக்கமும் சார்ந்த குறைபாடு, என்று சொல்ல அது என்ன கேட்கிறது? கவனக்குறைவு அல்லது மிகை இயக்கத்துக்கான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, ஆறு மாதமாக இருக்க வேண்டும். சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பள்ளியில் நடப்பதை ஆசிரியரைக் கேட்காமல் எப்படி அறிவது? ஆகவே எந்த இடமானாலும், ‘ஆசிரியருக்குக் கேள்வித்தாள் அனுப்புவீர்களா?’ என்று முதலில் கேளுங்கள். தேவையில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிற பையன், படிக்கும்போது எழுந்து ஓடுகிறான். எழுத்தைக் கூட்டிப் படிப்பதே பாடாக இருக்கும் குழந்தை, பாட வேளையில் ஜன்னலைத்தான் பார்க்கும். பார்க்கிறவர்கள் அதைக் கவனக்குறைவு என்பார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும் குழந்தைகளும் நிறைய. அதனால் கவனத்தை மட்டும் பார்க்கிற இடம் உங்களுக்குப் போதாது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பொருளே இல்லாத சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது அதில் ஒன்று. சொல்லை மனப்பாடமாக அடையாளம் காண்கிறானா, கூட்டிப் படிக்கிறானா என்று அதில் தெரிந்துவிடும். எந்த மொழியில் சோதிப்பார்கள் என்றும் கேளுங்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றால் இது சின்ன விஷயம் இல்லை. ஐக்யூ என்று ஒற்றை எண்ணை மட்டும் தரும் ரிப்போர்ட்டால் உங்களுக்கு அதிகப் பயன் இல்லை.

தனியார் மையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். அனுபவமுள்ள ஒரு உளவியலாளர் சின்ன அறையில் நடத்தும் இடம் பெரிய மருத்துவமனையை விட நன்றாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் மையத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. ஏடிஎச்டியை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மூளை அலைகளின் விகிதத்தை வைத்து அதை உறுதி செய்வது ஆராய்ச்சிக்கு வெளியே வேண்டாம் என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2016இல் அறிவுறுத்தியது. (வலிப்பு சந்தேகத்தில் மருத்துவர் இஇஜி என்ற மூளை அலைப் பதிவை எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை.) குறை கண்டுபிடிப்பவரே அதற்கான பயிற்சியையும் மாதக் கட்டணத்துக்கு விற்கிறார் என்பதும் யோசிக்க வேண்டியது. ‘இப்போதைக்கு அங்கே பார்த்துவிடுவோம், அப்புறம் மருத்துவமனை’ என்றும் போகாதீர்கள். ஒரே சோதனையைச் சில மாதங்களுக்குள் மறுபடி எழுதினால், பழகிய கையில் மதிப்பெண் ஏறி, இரண்டாவது முடிவு குழம்பிவிடும்.

இந்த நான்கு மாதத்தில் செய்ய வேலை இருக்கிறது. முதலில் கண்ணும் காதும். போர்டில் இருப்பதைப் பாதி எழுதுகிற பையனுக்குக் கண் சோதிக்காமல் வேறெதையும் பேசக் கூடாது. தூக்கத்தையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறட்டை விடுகிறான் என்றால் கட்டாயம். வகுப்பிலேயே வயதில் சிறியவனா என்றும் பாருங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு ஏடிஎச்டி என்ற பெயர் கூடுதலாக விழுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கவுன்சிலரை விட்டுவிட வேண்டாம். வகுப்பில் வந்து அவனைக் கவனித்து எழுதித் தரச் சொல்லுங்கள், மருத்துவமனை அதைத்தான் கேட்கும். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைக்கு யார் கையெழுத்திட்ட ரிப்போர்ட் செல்லும் என்பதையும் பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள்.

மாமனார் சொல்வதும் முழுக்கத் தவறில்லை, சில குழந்தைகள் தாமதமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஃபோன் கணக்கில் வராது. நொடிக்கு நொடி மாறுகிற திரை தானே கவனத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சலிப்பான வேலையில் தானாக உட்காருவதுதான் ஏடிஎச்டி உள்ளவர்களுக்குக் கஷ்டம்.

பையனிடம் பரீட்சை என்று சொல்லிவிடாதீர்கள். ‘உனக்கு எது சுலபம், எது கஷ்டம் என்று பார்க்கப் போகிறோம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்’ என்றால் போதும். முந்தின இரவு நன்றாகத் தூங்கட்டும், கண்ணாடி போட்டிருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.