பதில்: டிசைன் ஒரு பக்கம், டேலி ஒரு பக்கம் – ஈஆர்பி வாங்கலாமா?

வணக்கம் சார். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்பெஷல் மெஷின், ஒவ்வொன்றும் புது டிசைன். பாகப் பட்டியல் சாலிட்வொர்க்ஸ் டிசைன் மென்பொருளில், ஸ்டோர்ஸ் எக்ஸெல்லில், கணக்கு டேலியில் என்கிறீர்கள். இவை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் இணைக்கும் ஈஆர்பி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஈஆர்பி மென்பொருள்களில் பல, முழுப் பாகப் பட்டியலும் முன்கூட்டியே கையில் இருக்கும் என்று எதிர்பார்க்கும். உங்களுக்கோ டிசைன் பாதியில் இருக்கும்போதே சர்வோ மோட்டாருக்கும் பால் ஸ்குரூவுக்கும் ஆர்டர் போட்டாக வேண்டும்.

முதலில் ஜாப் நம்பரை, அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் தரும் எண்ணை, ஒன்றாக்குங்கள். டிராயிங், பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டோர்ஸிலிருந்து பொருள் எடுக்கும் இஷ்யூ சீட்டு எல்லாவற்றிலும் அதே எண். டேலியில் அதையே காஸ்ட் சென்டர் (செலவுப் பிரிவு) ஆக்கினால் மெஷின் வாரியாகச் செலவு தெரியும். டேலி பிரைம் 4.0 முதல் எக்ஸெல்லில் உள்ள விவரங்களை நேரடியாகவே டேலிக்குள் ஏற்றலாம்.

உண்மையான தலைவலி ரிவிஷன், அதாவது டிசைனில் வரும் மாற்றம். ஷாஃப்ட் 40 மி.மீ.யிலிருந்து 45 மி.மீ. ஆனால், அதற்கேற்ப 6208 எண் பேரிங் போய் 6209 வரும். பர்ச்சேஸுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டியலை மொத்தமாகத் திரும்ப அனுப்பாமல், மாறிய வரிகளை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஆர்டர் போன ஐட்டமென்றால் டிசைனர் பர்ச்சேஸில் கையெழுத்து வாங்கியே தீர வேண்டும். முனகுவார்கள், முனகட்டும்.

போல்ட், நட்டுக்கெல்லாம் ஜாப் நம்பர் கேட்டு ஸ்டோர்ஸ்காரர் உயிரை வாங்காதீர்கள். பொதுச் செலவில் போட்டுவிடலாம்.