சிங்கப்பூர் கப்பல் பயணம்: எந்தச் சோதனை, எப்போது?

வணக்கம் ஐயா. வயதான பெற்றோருடன் நான்கு இரவுக் கப்பல் பயணத்தை முடித்து, இறங்கும் நாளிலேயே சென்னைக்கு விமானம் ஏறவிருப்பதாகவும், கப்பல் நிறுவனம் கொரோனா சோதனை வேண்டாம் என்றும் பயண முகவர் வேண்டும் என்றும் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இருவரும் வெவ்வேறு விதிகளைச் சொல்கிறார்கள்: கப்பலில் ஏறுவதற்கான விதி நிறுவனத்துடையது, ஊர் திரும்புவதற்கான விதி நம் அரசுடையது.

2022 நவம்பர் 22 அன்று கைவிடப்பட்ட ஏர் சுவிதா பதிவு (வெளிநாட்டிலிருந்து இந்தியா வருவோர் இணையத்தில் நிரப்பிய சுய அறிவிப்புப் படிவம்), 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மீண்டும் கட்டாயமாகி, 2023 பிப்ரவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்த ஆர்டி-பிசிஆர் (ஆய்வகத்தில் செய்யும் கொரோனா சோதனை) அறிக்கையை அதில் பதிவேற்ற வேண்டியிருந்தது. வீட்டுச் சோதனைப் பெட்டியின் முடிவு செல்லவில்லை. அப்படியொரு விதி மீண்டும் வந்தால், உங்கள் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கும். கப்பல் ஏறும் முன் மாதிரி கொடுத்தால், இறங்குவதற்குள் அந்த 72 மணி நேரம் கடந்துவிடும். ஆகவே அப்போது திரும்பும் விமானத்தை ஒரு நாளாவது தள்ளிவைத்து, இறங்கியவுடன் சிங்கப்பூரிலேயே மாதிரி கொடுத்துவிடுங்கள். பெற்றோரை அறிக்கைக்காக விமான நிலையத்தில் காத்திருக்க வைப்பதைவிட, ஓர் இரவு விடுதிச் செலவு எவ்வளவோ மேல்.

அறிக்கையில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தலைப்பெழுத்து மட்டும் போட்ட அறிக்கையால் என் அத்தை மிகவும் அலைக்கழிக்கப்பட்டார். விதி மறுபடியும் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன்னும் கப்பலிலிருந்து இறங்கிய பின்னும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தளத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.