ஜூலியட் அம்மாவைவிடச் செவிலியிடம் ஒட்டுதலாக இருப்பது ஏன்?

'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் அவளுக்குப் பாலூட்டி வளர்த்தவள் செவிலிதான். ஜூலியட் வயதே ஆன தன் மகள் சூசனைப் பறிகொடுத்தவள். மார்பில் கசப்புப் பச்சிலை தடவிப் பால் மறக்கடித்த நாள்கூட அவளுக்கு நினைவிருக்கிறது. அம்மாவோ, மகளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கச் செவிலியை வெளியே போகச் சொல்லிவிட்டு, அடுத்த கணமே திரும்பக் கூப்பிடுகிறாள். பெற்ற மகளோடு தனியாகப் பேசவே தயங்குகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பா முதலில், ஜூலியட்டைப் பெண் கேட்டு வந்த பாரிஸ் என்ற பிரபுவிடம் இன்னும் 2 வருடம் போகட்டும் என்றவர். அப்புறம் அவரே, அந்தக் கல்யாணத்தை மறுக்கும் மகளைத் தெருவில் கிடந்து சாகச் சொல்கிறார். அம்மாவும் கைகழுவிவிடுகிறாள். என்னை அதிகம் உலுக்குவது செவிலிதான்: ரோமியோவை மறந்து பாரிஸைக் கட்டிக்கொள் என்கிறாள். 14 வயதுகூட நிரம்பாத பெண் அதன்பின் அந்த வீட்டில் யாரிடமும் மனம் திறப்பதில்லை.