தஞ்சோங் துவான் பாறையில் இருந்த தொப்பி ஓடு என்ன?

அது பெரும்பாலும் சைபனேரியா என்ற கடல் நத்தை. பார்க்க லிம்பெட் (பாறையில் ஒட்டி வாழும், தொப்பி போன்ற ஓடுள்ள நத்தை) மாதிரியே இருக்கும், ஆனால் உண்மையான லிம்பெட் அல்ல.

சிலியாவ் பள்ளிப் பிள்ளைகளோடு மலேசியாவின் போர்ட்டிக்சன் பக்கம் உள்ள தஞ்சோங் துவான் போய் எடுத்த படத்தில், ஓட்டின் ஒரு பக்க விளிம்பு மட்டும் புடைத்திருக்கிறது, உடைந்து வளர்ந்ததா என்று கேட்டிருந்தீர்கள். உடைந்ததில்லை. காற்றும் தண்ணீரும் போய்வரும் வழி அந்தப் பக்கம்தான். அலை வற்றியதும் இது காற்றைச் சுவாசிக்கும். கடல்வாசியாக இருந்தும் தோட்டத்து நத்தைக்குத்தான் நெருங்கிய சொந்தம்!

சந்தேகம் இருந்தால், அடுத்த முறை காலி ஓடு ஒன்றைத் தேடி உட்புறம் பாருங்கள். லாட வடிவில் தசைத் தழும்பு தெரியும். லாடத்தின் வாய் ஓட்டின் நீளப் பக்கத்தில் திறந்திருந்தால் சைபனேரியா. ஒரு முனையில், அதாவது தலைப்பக்கம் திறந்திருந்தால் உண்மை லிம்பெட். ஓட்டின் உச்சியில் ஓட்டை இருந்தால் இரண்டுமே இல்லை, அது சாவித்துளை லிம்பெட். அப்புறம், பக்கத்துப் பாறையில் வெளிர்மஞ்சள் வழவழப்புச் சுருள் ஏதும் கிடந்ததா? அது சைபனேரியாவின் முட்டையாக இருக்கலாம்.

இனப்பெயர் வரை படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அலை அரித்தும் பாசி படிந்தும் ஒரே இனத்தின் ஓடுகளே வேறு வேறாகத் தெரியும். பிள்ளைகளின் ஒப்படைப்பில் ‘சைபனேரியா வகை’ என்று எழுதினால் போதும். உயிரோடு ஒட்டியிருப்பதைக் கத்தி வைத்துப் பெயர்க்க வேண்டாம், காலில் காயம் பட்டுச் செத்துவிடும்.