விளம்பரம் நுழையாத டிவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். ஸ்மார்ட் வசதியே இல்லாத 43 அங்குல டிவி வேண்டும். வண்ணார்பேட்டைக் கடைகளில் கேட்டால், "இப்பம் அதெல்லாம் வாறதில்லை சார்" என்கிறார்கள். உண்மைதானா? (பாளையங்கோட்டை)

பதில்: பெரும்பாலும் உண்மைதான். 32 அங்குலமும் அதற்குக் குறைந்ததுமான அளவுகளில் ஸ்மார்ட் அல்லாத எல்இடி டிவிகள் இன்னும் விற்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, முழு எச்டியைவிடத் தெளிவு குறைந்த 'எச்டி ரெடி' தரத்துத் திரைகளே. முகப்புத் திரையில் வரும் விளம்பரங்கள் இணையத்தின் வழியே வந்து சேர்பவை என்பதால், நல்ல திரையுள்ள ஸ்மார்ட் டிவி ஒன்றையே வாங்கி, அதை இணையத்தோடு ஒருபோதும் இணைக்காமல் வைத்திருப்பதே என் பரிந்துரை. முதன்முறை இயக்கும்போது வைஃபை கடவுச்சொல் கேட்கும் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள். கூகுள் டிவி மாடல்களில் இணையமின்றி இயக்க 'பேசிக் டிவி' என்ற தேர்வே உண்டு. படமும் ஒலியும் ஒரே கம்பியில் வரும் எச்டிஎம்ஐ வழியாக இணைக்கும் கேபிள் பெட்டியும், யூஎஸ்பியில் செருகும் பென் டிரைவும் இணையமின்றியே வேலை செய்யும். பொருத்த வரும் ஊழியர் தம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்துவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், வரிக்கு அஞ்சிச் சிறிய திரையோடு நிற்க வேண்டியதும் இல்லை.

கேள்வி: டிவிக்குப் பதிலாகக் கணினி மானிட்டர் வாங்கலாமா? (வள்ளியூர்)

பதில்: தனியறையில் ஒருவர் பார்ப்பதற்கு அது போதும். ஆனால் டிடி ஃப்ரீ டிஷ் பெட்டிகள் பலவற்றில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி இணைப்பு மட்டுமே இருக்கும், அது மானிட்டரில் இருக்காது. இடையில் ஒரு மாற்றிப் பெட்டி தேவைப்படும். ஒலிபெருக்கி இல்லாத மானிட்டர்களும் உண்டு என்பதால், ஒலிக்கும் தனியே செலவு வரக்கூடும்.

கேள்வி: நாம் என்ன பார்க்கிறோம் என்பதை டிவி கண்காணிக்கிறது என்கிறார்களே? (கல்லிடைக்குறிச்சி)

பதில்: வதந்தி அல்ல. திரையில் ஓடும் காட்சியின் சிறு மாதிரிகளை எடுத்து, ஒரு தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, அது எந்த நிகழ்ச்சி என்று அறியும் ஏசிஆர் எனும் தொழில்நுட்பம் பல டிவிகளில் இருக்கிறது. அது எச்டிஎம்ஐ வழியே வரும் கேபிள் படத்தையும் அடையாளம் காண வல்லது. அமெரிக்காவில் 1.1 கோடி டிவிகளிலிருந்து போதிய ஒப்புதலின்றி இவ்வாறு தகவல் திரட்டியதாக எழுந்த வழக்கில், விசியோ என்ற டிவி நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. இணையத்தில் இணைத்தே பார்ப்பவர்கள் அமைப்புகளுக்குள் சென்று, சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்பதையும், எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்பதையும் அணைத்துவிட வேண்டும். தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் பழக்கம்தான் இதற்கெல்லாம் வாசலைத் திறந்துவிடுகிறது.

கேள்வி: ஓடிடி பார்க்கவும் வேண்டும், விளம்பரமும் வேண்டாம். வளைகுடாவிலிருந்து மகன் ஏதாவது பெட்டி வாங்கி வரட்டுமா? (கடையநல்லூர்)

பதில்: டிவியை இணையமின்றி விட்டு, தனிப் பெட்டியை மட்டும் இணைப்பதே சரியான வழி, பிடிக்காவிட்டால் பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முகப்பில் விளம்பரத் தொல்லை மிகக் குறைவு ஆப்பிள் டிவி 4கே பெட்டியில்தான், விலை சற்று அதிகமானாலும். கூகுள் டிவி பெட்டியானால், 'ஆப்ஸ் ஒன்லி' முறைக்கு மாற்றினால் பரிந்துரைகள் வெகுவாகக் குறையும். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டியை மட்டும் மகன் தொடவே வேண்டாம்: அத்தகைய கருவிகள் சில, விற்கும்போதே தீய மென்பொருளோடு வருகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது.

கேள்வி: ஸ்மார்ட் வசதியை விட்டால் யூடியூப் விளம்பரமும் நின்றுவிடுமா? (மேலப்பாளையம்)

பதில்: நிற்காது. அது யூடியூபின் விளம்பரம், டிவியுடையது அன்று. அதற்குரிய பிரீமியம் சந்தாவே நேர்வழி. கேபிள் பெட்டி சேனல் மாற்றும்போது காட்டும் விளம்பரத்துக்கும் டிவி பொறுப்பல்ல.

கேள்வி: டீக்கடையில் காலை முதல் இரவு வரை ஓட வேண்டும். எது ஏற்றது? (அம்பாசமுத்திரம்)

பதில்: நாளொன்றுக்கு 16 அல்லது 24 மணி நேரம் ஓடுவதற்கென்றே செய்யப்படும் வணிகத் திரைகள் உள்ளன. வீட்டு டிவியின் உத்தரவாத அட்டையில் வணிகப் பயன்பாட்டுக்கு விலக்கு இருக்கக்கூடும், முதலில் அதைப் படியுங்கள். வணிகத் திரையில் சேனல் ஏற்கும் ட்யூனர் பெரும்பாலும் இராது என்றாலும், உங்களுக்கு எச்டிஎம்ஐ உள்ள கேபிள் பெட்டியே போதும். விலை கட்டுப்படாவிட்டால், சாதாரண டிவியை வாங்கி, இணையம் கொடுக்காமல், இயக்கியதும் நேரே எச்டிஎம்ஐக்குச் செல்லும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அந்த அமைப்பு இருக்கிறது.